ஒரே வளவில் இரு கட்டிகள்: ஒளியொலிப் படமாக்கல் யாருக்கு உதவியிருக்கும்?

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைக் கிராமம் ஒன்றில், தாய்வழியாகக் கிடைத்த ஒரே வளவுக்குள் அடுத்தடுத்த வீடுகளில் குடியிருக்கும் இரண்டு சகோதரிகளின் மார்பகக் கட்டிகளைப் பற்றியது இந்த நிகழ்வு ஆய்வு. அக்காவுக்கு 43 வயது, தங்கைக்கு 37. அக்காவின் கட்டி புற்றுநோயாக இருந்தும் மமோகிராம் எனப்படும் மார்பக எக்ஸ் கதிர் படத்தில் தெரியவில்லை. தங்கையின் கட்டி தீங்கற்றதாக இருந்தும், அதை உறுதிப்படுத்த ஊசி செலுத்தி இழையம் எடுக்கும் பயொப்சி பரிசோதனை செய்ய வேண்டியிருந்தது. இரண்டும் ஒரே ஆண்டுக்குள் நடந்தவை. லேசர் ஒளியையும் கழியொலியையும் (அல்ட்ராசவுண்ட்) இணைத்து மார்பகத்தைப் படமெடுக்கும் புதிய முறைகளான ஒளியொலிப் படமாக்கலைப் பற்றிச் செய்திகளில் வாசித்தவர்கள், அப்படியொரு கருவி இங்கே இருந்திருந்தால் அக்காவின் நோய் முன்பே பிடிபட்டிருக்குமா என்று எங்கள் கிளினிக்கில் கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு ஒரே சொல்லில் விடை சொல்லிவிடாமல், இரு பெண்களின் வைத்திய வரலாற்றையும் அருகருகே வைத்து ஆராய்வதே இங்கு நோக்கம். இருவரின் சம்மதமும் பெறப்பட்டுள்ளது. அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.

அக்காவின் வரலாறு

அக்கா மூன்று பிள்ளைகளின் தாய். மூவருக்கும் தாய்ப்பால் கொடுத்தவர். மாதவிடாய் இன்னும் நிற்கவில்லை. குடும்பத்தில் யாருக்கும் மார்பகப் புற்றுநோய் இருந்ததாகத் தெரியாது. இலங்கையில் அறிகுறியற்ற பெண்கள் எல்லோருக்கும் மமோகிராம் எடுக்கும் தேசியத் திட்டம் கிடையாது. குடும்ப சுகாதாரப் பணியகத்தின் வழிகாட்டலில் 1996 முதல் நடந்துவரும் சுகவனிதையர் சிகிச்சை நிலையங்களில் கையால் மார்பகப் பரிசோதனை செய்யப்படுகிறது. 35 வயதையும் 45 வயதையும் அடைந்த பெண்களே முதன்மையாக அழைக்கப்படுகிறார்கள். அக்கா அந்த இரண்டு வயதுக்கும் இடையில் இருந்தவர். மார்பில் ஏதோ தடிப்பாக இருப்பதாக அவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னதைக் கவனித்து, வயதைப் பார்க்காமல் கிளினிக்குக்கு அழைத்து வந்தவர் அப்பிரிவின் குடும்பநல உத்தியோகத்தர். இந்த வரலாற்றில் நோயை முதலில் கண்டது எந்தக் கருவியும் இல்லை என்பதை இங்கேயே பதிந்துவைக்க விரும்புகிறேன்.

அது ஒக்டோபர் மாதம். இடது மார்பகத்தின் மேல் வெளிப்பகுதியில், ஏறத்தாழ 1.5 சென்ரிமீற்றர் அளவில், ஓரம் தெளிவற்ற உறுதியான கட்டி ஒன்று விரல்களுக்குத் தட்டுப்பட்டது. தோலில் மாற்றம் இல்லை. முலைக்காம்பில் கசிவு இல்லை. அக்குளில் கணு எதுவும் தட்டுப்படவில்லை. சத்திரசிகிச்சைப் பிரிவுக்குக் கடிதம் எழுதப்பட்டது. டிசம்பரில் வைத்தியசாலை ஒன்றில் மமோகிராம் எடுக்கப்பட்டது. அறிக்கையில் இருந்தவை மூன்று விடயங்கள்: மார்பக இழையம் மிக அடர்த்தியானது, அதாவது ஏ முதல் டி வரையான நான்கு வகைகளில் டி வகை, கட்டியோ சுண்ணாம்புப் படிவோ தெரியவில்லை, கையில் தட்டுப்படும் கட்டி இருப்பதால் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் செய்வது நல்லது. அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. அந்த மூன்றில் அக்காவின் காதுக்கு எட்டியது நடுவில் இருந்த ஒன்று மட்டுமே. அடுத்த வீட்டுத் தரிசிப்பின்போது அவர் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொன்னது இது: “படத்துல ஒண்டும் இல்லயாம் மிஸ். பயப்படத் தேவல்ல எண்டு சொன்னாங்க.”

அதன் பின்னர் மாரி மழை. வயல் வீதிகளில் வெள்ளம் ஏறிய வாரங்கள் கழிந்தன; தை பிறந்தது; பெரும்போக அறுவடை தொடங்கியது. பயப்படத் தேவையில்லை என்று சொல்லப்பட்ட ஒரு பெண், அறுவடைக் காலத்தில் ஒரு நாள் கூலியை விட்டு, வாவியைக் கடந்து இரண்டு பஸ் மாறி வைத்தியசாலைக்குப் போவார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. மார்ச்சில் கட்டி பெரிதாகிவிட்டதாக அவரே வந்து சொன்னார். அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் 24 மில்லிமீற்றர் அளவான, ஒழுங்கற்ற ஓரமுள்ள, பின்புறம் நிழல் விழுத்தும் கருமையான திரட்சி தெளிவாகத் தெரிந்தது. ஊசிப் பயொப்சி முடிவு ஏப்ரலில் வந்தது: பாற்கானில் தொடங்கிச் சுற்றியுள்ள இழையத்துக்குள் ஊடுருவும் புற்றுநோய், ஈஸ்ட்ரஜன் ஹோர்மோனைப் பற்றிக்கொள்ளும் வாங்கிகள் உடையது. சத்திரசிகிச்சையில் அக்குளிலிருந்து அகற்றப்பட்ட நிணநீர்க் கணுக்களில் இரண்டில் நோய் இருந்தது.

கையால் அளந்த அளவையும் ஸ்கேனில் அளந்த அளவையும் நேருக்கு நேர் ஒப்பிடுவது சரியல்ல என்பதால், கட்டி இத்தனை மில்லிமீற்றர் வளர்ந்தது என்று நான் எழுத மாட்டேன். தாமதத்தின் நீளத்தை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும். உலக சுகாதார நிறுவனம் 2021 இல் தொடங்கிய உலகளாவிய மார்பகப் புற்றுநோய் முன்முயற்சி, ஒரு பெண் கட்டியோடு வைத்திய சேவையை அடைந்ததிலிருந்து 60 நாட்களுக்குள் நோய் இன்னதென்று நிர்ணயிக்கப்பட வேண்டும் என்கிறது. அக்காவுக்கு அதைப்போல மூன்று மடங்கு காலம் சென்றது.

தங்கையின் வரலாறு

அக்காவுக்கு நோய் உறுதியானவுடன், நேர்ச் சகோதரி என்ற வகையில் தங்கையும் பரிசோதிக்கப்பட்டார். கையில் எதுவும் தட்டுப்படவில்லை. ஸ்கேனில் வலது மார்பகத்தில் 11 மில்லிமீற்றர் அளவான முட்டைவடிவத் திரட்சி ஒன்று இருந்தது. அதன் ஓரத்தின் ஒரு பகுதி மட்டும் தெளிவாக இல்லை. கதிரியல் நிபுணர் அதை, மார்பகப் படங்களைச் சந்தேகத்தின் அளவுப்படி தரப்படுத்தும் பை-ராட்ஸ் முறையில் 4ஏ என வகைப்படுத்தினார். புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு 2 வீதத்துக்கு மேல், 10 வீதத்துக்கு உட்பட்டது என்பது இதன் பொருள்; அந்த அளவு சந்தேகத்துக்கே பயொப்சி செய்வதுதான் விதி. முடிவு வரும்வரை தங்கை சரியாகச் சாப்பிடவில்லை என்றும், தன் பிள்ளைகளை யார் பார்ப்பது என்று தாயிடம் பேசத் தொடங்கிவிட்டார் என்றும் குடும்பத்தார் சொன்னார்கள். முடிவு ஃபைப்ரோஅடினோமா, இளம் பெண்களில் மிகப் பரவலாகக் காணப்படும் தீங்கற்ற கட்டி.

மமோகிராம் ஏன் காணவில்லை

மார்பகத்தில் கொழுப்பிழையமும், சுரப்பி மற்றும் நார் இழையமும் கலந்திருக்கின்றன. எக்ஸ் கதிர் படத்தில் கொழுப்பு கறுப்பாகவும் சுரப்பியும் நாரும் வெள்ளையாகவும் விழும். புற்றுநோய்க் கட்டியும் வெள்ளையாகவே விழும். மாதவிடாய் நிற்காத பெண்களில் சுரப்பி இழையம் பொதுவாக அதிகம் என்பதால், வெள்ளைக்குள் வெள்ளை மறைந்துபோவது அவர்களிடையே கூடுதலாக நடக்கிறது. அடர்த்தியான மார்பகம் நோயல்ல. ஆனால் அது படத்தை மறைப்பதோடு, புற்றுநோய் ஏற்படும் வாய்ப்பையும் ஓரளவு கூட்டுகிறது. ஐக்கிய அமெரிக்காவில் 2024 செப்டெம்பர் 10 முதல், மமோகிராம் எடுக்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும் அவருடைய மார்பகம் அடர்த்தியானதா இல்லையா என்பதை எழுத்தில் தெரிவிப்பது கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. அப்படியொரு வரி தமிழில் அக்காவின் கையில் கொடுக்கப்பட்டிருந்தால், “படத்தில் ஒன்றும் இல்லை” என்ற சொல்லோடு, “உங்கள் மார்பகத்தில் இந்தப் படம் எல்லாவற்றையும் காட்டாது” என்ற சொல்லும் அவரோடு வீட்டுக்குப் போயிருக்கும்.

அக்காவின் வயதில் உள்ள ஆசியப் பெண்களுக்கு அல்ட்ராசவுண்ட் எவ்வளவு உதவும் என்பதற்கு ஜப்பானில் நடந்த ஜே-ஸ்டார்ட் ஆய்வே மிகப் பெரிய சான்று. 40 முதல் 49 வயதுவரையான 72,000 இற்கும் மேற்பட்ட பெண்கள் அதில் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு குழுவுக்கு மமோகிராம் மட்டும், மற்றக் குழுவுக்கு மமோகிராமும் அல்ட்ராசவுண்டும். 2016 இல் வெளியான முடிவின்படி, புற்றுநோயைக் கண்டுபிடிக்கும் திறன் மமோகிராம் மட்டும் எடுத்தவர்களில் 77.0 வீதம், இரண்டும் எடுத்தவர்களில் 91.1 வீதம். அதே வேளை, நோயில்லாதவரை நோயில்லை என்று சரியாகச் சொல்லும் திறன் 91.4 வீதத்திலிருந்து 87.7 வீதமாகக் குறைந்தது. ஸ்கேனைச் சேர்த்தால் அக்காவைப் போன்றவர்கள் கூடுதலாகக் கண்டுபிடிக்கப்படுவார்கள். கூடவே, நோயில்லாமலே பயந்து பயொப்சி வரை போகும் தங்கையைப் போன்றவர்களும் கூடுவார்கள். ஒளியொலிப் படமாக்கலைப் பற்றிய பேச்சைத் தொடங்க வேண்டிய இடம் இதுவே.

ஒளி கொடுத்து ஒலி கேட்கும் முறை

மார்பகத்தை ஒளியால் பார்க்கும் முயற்சி பழையது. 1929 இல் நியூயோர்க்கில் மக்ஸ் கட்லர் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் இருட்டறையில் வலுவான விளக்கை மார்பகத்தின் ஒரு பக்கத்தில் வைத்து மறுபக்கத்தில் தெரியும் நிழலைப் பார்த்தார். நீர்க்கட்டி ஒளியைக் கடத்தியது. திண்மக் கட்டி கருமையாகத் தெரிந்தது. ஆயினும் சிறிய கட்டிகள் பிடிபடவில்லை. உடல் இழையத்துக்குள் நுழையும் ஒளி ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றருக்குள் தன் திசையை இழந்து சிதறிவிடுகிறது. சிதறிய ஒளியால் கூர்மையான படத்தை எழுத முடியாது. ஒலியோ இழையத்துக்குள் ஒளியைவிட நூற்றுக்கணக்கான மடங்கு குறைவாகவே சிதறுகிறது. ஒளியை உள்ளே அனுப்பி, வெளியே ஒலியைக் கேட்டால் இரண்டின் நன்மையும் கிடைக்கும் என்பதே புதிய முறையின் அடிப்படை. ஒளி பட்ட பொருள் ஒலி எழுப்பும் என்பதை அலெக்சாண்டர் கிரஹம் பெல் 1880 இலேயே கண்டிருந்தார். அதை உடலுக்குள் பயன்படுத்த வலுவான லேசர்களும் வேகமான கணினிகளும் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மின்னல் காற்றைத் திடீரெனச் சூடாக்கி விரியச் செய்வதால் இடி பிறப்பது போன்ற நிகழ்வே இங்கும் நடக்கிறது. சில நனோசெக்கன் நீளமே உள்ள லேசர் துடிப்பு ஒன்று மார்பகத்தின்மேல் விழுகிறது. குருதியிலுள்ள ஈமோகுளோபின் அதை உறிஞ்சுகிறது. அந்த இடத்தின் வெப்பநிலை ஒரு பாகையின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு உயர்ந்தாலே, ஏறத்தாழ 800 பஸ்கால் அமுக்கம் எழுகிறது. பெண்ணுக்குச் சூடு தெரியாது, ஆனால் அந்த அமுக்கம் கழியொலி அலையாக வெளியே பரவுகிறது. மென் இழையத்தில் ஒலியின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 1540 மீற்றர் என்பதால், நான்கு சென்ரிமீற்றர் ஆழத்தில் பிறந்த அலை தோலை அடைய 26 மைக்ரோசெக்கன் எடுக்கும். அலை வந்து சேரும் நேரங்களை வைத்து அது புறப்பட்ட இடத்தைக் கணினி கணிக்கிறது. எக்ஸ் கதிர் இல்லை. மார்பகத்தைத் தட்டுகளுக்கிடையே நசுக்குவதில்லை. ஊசி வழியாக மருந்து ஏற்றுவதும் இல்லை.

குருதியைப் பார்ப்பதால் என்ன பயன் என்றால், ஓரிரு மில்லிமீற்றரைத் தாண்டி வளர விரும்பும் புற்றுநோய்க் கட்டி தனக்கெனப் புதிய குருதிக் குழாய்களை வரவழைத்தாக வேண்டும். இதை 1971 இல் ஜூடா ஃபோக்மன் முன்வைத்தார். அப்படி அவசரமாக உருவாகும் குழாய்கள் ஒழுங்கற்றவை, கசிபவை. கட்டியின் கலங்கள் ஒட்சிசனை வேகமாகச் செலவிடுவதால் அங்கே ஒட்சிசன் குறைந்த குருதி கூடுகிறது. ஒட்சிசன் ஏறிய ஈமோகுளோபினும் ஒட்சிசன் இழந்த ஈமோகுளோபினும் ஒளியின் வெவ்வேறு நிறங்களை வெவ்வேறு அளவில் உறிஞ்சுகின்றன. 757 நனோமீற்றர் ஒளியை ஒட்சிசன் இழந்தது கூடுதலாக உறிஞ்சும். 1064 நனோமீற்றர் ஒளியை ஒட்சிசன் ஏறியது கூடுதலாக உறிஞ்சும். இரண்டு ஒளிகளையும் மாறி மாறி அனுப்பினால், கட்டிக்குள்ளும் அதன் ஓரத்திலும் குழாய்கள் எப்படி இருக்கின்றன, அவற்றில் ஓடும் குருதியில் ஒட்சிசன் எவ்வளவு என்பவை தெரியவரும். வழக்கமான டொப்ளர் ஸ்கேன் குருதி ஓடுவதை மட்டும் காட்டும். அதன் ஒட்சிசன் நிலையைக் காட்டாது. அதைவிட, எக்ஸ் கதிருக்குத் தடையாக இருக்கும் வெள்ளை இழையம் இந்த முறைக்கு அதே வகையில் தடையாக இருப்பதில்லை. நெதர்லாந்தின் ட்வென்ட்டே பல்கலைக்கழகக் குழுவினர் தங்கள் ஒளியொலி மார்பகக் கருவியில் புற்றுநோய்க் கட்டிகள் துலங்கித் தெரிந்த அளவு மார்பக அடர்த்தியைப் பொறுத்து மாறவில்லை என்று பதிவுசெய்திருக்கிறார்கள்.

அங்கீகரிக்கப்பட்ட கருவி யாருக்கானது

இத்துறையில் பரவலாகச் சோதிக்கப்பட்ட கருவி, டெக்சஸின் சான் அந்தோனியோவிலுள்ள சீனோ மெடிக்கல் நிறுவனத்தின் இமாஜியோ. கையில் பிடிக்கும் ஸ்கேன் முனையிலேயே லேசர் ஒளியும் வெளிவரும். சாம்பல் நிற அல்ட்ராசவுண்ட் படத்தின்மேல், ஒட்சிசன் மிகுந்த குருதி பச்சையாகவும் ஒட்சிசன் குறைந்த குருதி சிவப்பாகவும் விழும். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2021 ஜனவரியில் இதற்கு அனுமதி கொடுத்தது. அந்த அனுமதி, ஏற்கனவே சந்தேகத்துக்குரிய கட்டி ஒன்று கண்டுபிடிக்கப்பட்ட பெண்ணில், அது எத்தன்மையது என்று மதிப்பிட உதவுவதற்கு. நோய் அறிகுறியில்லாத பெண்களைச் சலித்துப் பார்க்கும் கருவியாகவோ, மமோகிராமுக்கு மாற்றாகவோ அது அனுமதிக்கப்படவில்லை.

அனுமதிக்கு அடித்தளமான பயனியர் ஆய்வில் அமெரிக்காவின் 16 நிலையங்களில் 2,105 பெண்கள் சேர்க்கப்பட்டார்கள். 2018 இல் வெளியான முடிவுகளில் இரண்டு எண்களை நாம் கவனமாக வாசிக்க வேண்டும். தீங்கற்ற கட்டியைத் தீங்கற்றது என்று சரியாகச் சொல்லும் திறன், கருவியின் அல்ட்ராசவுண்ட் மட்டும் வைத்துப் பார்த்தபோது 28.1 வீதமாகவும், ஒளியொலியையும் சேர்த்தபோது 43.0 வீதமாகவும் இருந்தது. புற்றுநோயைப் புற்றுநோய் என்று சந்தேகிக்கும் திறன் 98.6 வீதத்திலிருந்து 96.0 வீதமாகக் குறைந்தது. நூறு தீங்கற்ற கட்டிகளில் மேலும் பதினைந்து, பயொப்சி ஊசியிலிருந்து விலக்கப்படும். நூறு புற்றுநோய்க் கட்டிகளில் மேலும் இரண்டோ மூன்றோ, தீங்கற்றவை போலத் தோற்றமளிக்கும்.

இனி இரு சகோதரிகளையும் இந்த எண்களுக்கு முன்னால் நிறுத்திப் பார்க்கலாம். அக்காவுக்கு இக்கருவி டிசம்பரில் உதவியிருக்காது. அவர் அல்ட்ராசவுண்ட் மேசைக்கே போய்ச் சேரவில்லை. போய்ச் சேர்ந்த நாளில் சாதாரண ஸ்கேனே நோயைத் தெளிவாகக் காட்டியது. அவருக்குத் தேவைப்பட்டது, எங்கள் மாவட்டத்திலும் அம்பாறையிலும் ஏற்கனவே இருக்கும் ஸ்கேன் கருவியை, மமோகிராம் எடுத்த அதே நாளிலோ அதே வாரத்திலோ அவருடைய மார்பின்மேல் வைக்கும் ஓர் ஒழுங்கு. இமாஜியோ போன்ற கருவியால் பயனடையக்கூடியவர் தங்கைதான். 4ஏ என்ற வகைப்படுத்தலுக்குப் பின்னர், கட்டிக்குள் குழாய்கள் இல்லை, ஓரத்திலும் சிவப்பு இல்லை என்று ஒளியொலி காட்டியிருந்தால், அவரைப் பயொப்சிக்கு அனுப்பாமல் ஆறு மாதத்தில் மீண்டும் பார்க்கலாம் என்று கதிரியல் நிபுணர் முடிவெடுத்திருக்கக்கூடும்.

ஆனாலும் அந்த முடிவை இங்கே எடுப்பதற்கு நான் தயங்குவேன். ஆறு மாதத்தில் மீண்டும் வாருங்கள் என்ற சொல், வராதவரைத் தேடிப் பிடிக்கும் ஏற்பாடு உள்ள இடத்தில் பாதுகாப்பானது. மாரி வெள்ளமும் அறுவடையும் கூலியும் குறுக்கே வரும் இடத்தில், அந்த ஆறு மாதம் எப்படி நீளக்கூடும் என்பதை அதே வளவில் அக்காவின் வரலாறு காட்டியிருக்கிறது. அமெரிக்க ஆய்வில் 2.6 வீதம் என்று எழுதப்பட்ட இழப்பு, பின்தொடர்தல் தளர்ந்த இடத்தில் கூடுதலான பாரத்தைப் பெறும். ஒருமுறை செய்யும் பயொப்சி வலியும் பயமும் தந்தாலும், விடயத்தை அன்றே முடித்துவைக்கிறது. ஆகவே, அழைத்துத் திரும்பப் பார்க்கும் ஒழுங்கைக் கட்டியெழுப்பாமல் இந்தக் கருவியை முதலில் கொண்டுவருவது, பயொப்சிகளைக் குறைப்பதோடு நோய் தப்பிப்போகும் வழியையும் திறந்துவிடும் என்பது என் கணிப்பு.

ஆய்வுக்கூடத்தில் இருக்கும் மற்ற வழிகள்

அக்காவைப் போன்றவர்களுக்காகவும் ஒரு பாதை உருவாகி வருகிறது; அது இன்னும் ஆய்வு நிலையிலேயே இருக்கிறது. கலிபோர்னியா தொழில்நுட்ப நிறுவனத்தில் லிஹோங் வாங் தலைமையிலான குழு 2018 இல் வெளியிட்ட முறையில், பெண் குப்புறப் படுத்து மார்பகத்தை மேசையிலுள்ள துவாரத்தின் வழியாகத் தொங்கவிடுகிறார். 1064 நனோமீற்றர் லேசர் அதன்மேல் விழ, சுற்றிவரவுள்ள 512 உணரிகள் கொண்ட வளையம் ஒலியைக் கேட்கிறது. மூச்சைப் பிடித்திருக்கும் 15 செக்கனுக்குள் முழு மார்பகமும், நான்கு சென்ரிமீற்றர் ஆழம்வரை, ஏறத்தாழக் கால் மில்லிமீற்றர் நுணுக்கத்தில் படமாகிறது. சில பெண்களில் மட்டும் நடந்த அந்தச் சிறு ஆய்வில், ஒன்பது கட்டிகளில் எட்டு தெளிவாகத் தெரிந்தன. ஜப்பானில் கியோட்டோ பல்கலைக்கழகமும் கெனன் நிறுவனமும் அரைக்கோள வடிவ உணரித் தொகுதியோடு இதே திசையில் உழைத்திருக்கின்றன. இவை நம்பிக்கையூட்டும் முடிவுகள். ஆனால் விரல்விட்டு எண்ணக்கூடிய பெண்களில் கிடைத்த முடிவை வைத்து ஆயிரக்கணக்கான நலமுள்ள பெண்களைச் சலிக்கும் திட்டத்தை எழுத முடியாது. அதற்கு ஜே-ஸ்டார்ட் அளவிலான ஆய்வு வேண்டும்.

ஒலியை மட்டும் பயன்படுத்தும், இதற்கு நெருங்கிய இன்னொரு முறை இதைவிட முன்னே போய்விட்டது. மார்பகத்தை இளஞ்சூடான நீருக்குள் தொங்கவிட்டு வளைய உணரியால் சுற்றிப் படமெடுக்கும் சொஃப்ட்வியூ கருவி, அடர்த்தியான மார்பகமுள்ள பெண்களில் மமோகிராமுக்குத் துணையாக, அறிகுறியில்லாதவர்களில் நோயைத் தேடும் சலிப்புப் பரிசோதனையில் பயன்படுத்துவதற்கு 2021 ஒக்டோபரில் அமெரிக்க அனுமதியைப் பெற்றது. மிக அடர்த்தியான மார்பகத்துக்கு இதுவரை வலுவான சான்றுள்ள துணைப் பரிசோதனை எம்.ஆர்.ஐ. ஆகும். நெதர்லாந்தில் நடந்த டென்ஸ் ஆய்வில், இரு பரிசோதனைகளுக்கு இடைப்பட்ட காலத்தில் வெளிப்படும் புற்றுநோய்கள் ஆயிரம் பெண்களுக்கு 5.0 இலிருந்து, எம்.ஆர்.ஐ. அழைப்பு வழங்கப்பட்ட குழுவில் 2.5 ஆகக் குறைந்தன. விபத்துக்கும் பக்கவாதத்துக்குமே எம்.ஆர்.ஐ. நேரம் போதாத நிலையில், அதை இங்கே சலிப்புப் பரிசோதனைக்குப் பயன்படுத்துவது பற்றி இப்போது பேசுவதில் பொருளில்லை.

நம் தோலின் நிறம்

கிழக்கு மாகாணத்தில் இந்தக் கருவியைப் பற்றி யார் பேசினாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி விலையைப் பற்றியதன்று. ஒளி மார்பகத்துக்குள் போவதற்கு முன் தோலைக் கடக்க வேண்டும். தோலின் நிறத்துக்குக் காரணமான மெலனினும் ஒளியை உறிஞ்சி ஒலி எழுப்பும். அந்த ஒலி ஆழத்திலிருந்து வரும் மெல்லிய ஒலியோடு கலந்து படத்தைக் குழப்பலாம். அதைவிட நுட்பமான சிக்கல் ஒன்றும் உண்டு. மெலனின் 757 நனோமீற்றர் ஒளியை, 1064 நனோமீற்றர் ஒளியைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு கூடுதலாக உறிஞ்சுகிறது. கருமையான தோலுக்குக் கீழே 757 ஒளி கூடுதலாகக் குறைந்துபோனால், ஒட்சிசன் இழந்த குருதி எழுப்பும் ஒலியும் குறையும். கணக்கில் திருத்தம் செய்யப்படாவிட்டால், ஒட்சிசன் இழந்த கட்டி ஒட்சிசன் உள்ளது போலக் காட்டப்படலாம். இங்கே பிழை நேர்ந்தால், சிவப்பாகத் தெரிய வேண்டியது சிவப்பாகத் தெரியாமல்போகும் திசையிலேயே நேரும்.

இது வெறும் ஊகமாகத் தோன்றினால், விரலில் மாட்டும் ஒட்சிசன் மானியை நினைத்துப் பார்க்க வேண்டும். அதுவும் இரண்டு நிற ஒளியை வைத்தே குருதியின் ஒட்சிசனைக் கணிக்கிறது. கருமையான தோலுள்ளவர்களில் அது உண்மையைவிட உயர்ந்த அளவைக் காட்டி, ஆபத்தான குறைவை மறைத்துவிடுவது வெள்ளைத் தோலுள்ளவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு அடிக்கடி நிகழ்ந்ததை, அமெரிக்காவில் 2020 இல் வெளியான ஆய்வு வெளிக்கொணர்ந்தது. அந்தக் கருவி அதற்கு முன் பல தசாப்தங்களாக உலகம் முழுவதும் பாவனையில் இருந்தது. வெயிலில் வயலில் நிற்கும் படுவான்கரைப் பெண்ணின் தோலுக்குக் கீழே ஒளியொலிக் கருவி என்ன காட்டும் என்பதை, அத்தகைய தோலுள்ள பெண்களிலேயே சோதித்துப் பெற்ற எண்களோடுதான் எந்த நிறுவனமும் இங்கே வர வேண்டும். வாங்குபவர்களும் அதைக் கேட்க வேண்டும்.

நடைமுறைச் சிக்கல்களைச் சுருக்கமாகவே சொல்கிறேன். லேசர் வெளிவரும் அறையில் பெண்ணும் இயக்குபவரும் பாதுகாப்புக் கண்ணாடி அணிய வேண்டும். தோலின்மேல் விழும் சக்திக்குச் சர்வதேச எல்லைகள் உண்டு. கருவி அவற்றைத் தாண்டாமல் இருப்பதைக் காலந்தோறும் அளந்து பார்க்க ஆள் வேண்டும். உப்புக் காற்றும் மின்தடையும் உள்ள கரையோரத்தில் நுண்ணிய லேசரைப் பேணுவது இலகுவல்ல. லேசருக்குப் பதிலாக எல்.ஈ.டி. ஒளியைப் பயன்படுத்தும் மலிவான கருவிகள் உள்ளன. அவற்றின் சக்தி குறைவு என்பதால் பார்க்கக்கூடிய ஆழமும் குறைவு. இவை அனைத்துக்கும் மேலாக, பச்சையையும் சிவப்பையும் வாசித்துத் தீர்ப்புச் சொல்வதற்குக் கதிரியல் நிபுணர் தனியாகப் பயிற்சி பெற வேண்டும்.

இப்போது நடப்பது

இந்த நிகழ்வுக்குப் பின்னர் எங்கள் பிரிவில் சில ஒழுங்குகள் செய்யப்பட்டன. கையில் தட்டுப்பட்ட கட்டிக்காக எழுதும் ஒவ்வொரு கடிதத்திலும், மமோகிராம் எதைக் காட்டினாலும் அல்ட்ராசவுண்ட் அவசியம் என்ற வரி சிவப்பு மையில் எழுதப்படுகிறது. கடிதம் கொடுத்த திகதியும், அதிலிருந்து அறுபதாவது நாளும் குடும்பநல உத்தியோகத்தரின் பதிவேட்டில் குறிக்கப்படுகின்றன. அந்த நாளுக்கு முன் முடிவு வராத பெண்ணின் வீட்டுக்கு அவர் நேரில் போகிறார். மமோகிராம் அறிக்கையோடு வருபவருக்கு அதன் ஒவ்வொரு வரியும் தமிழில் வாசித்து விளக்கப்படுகிறது. அடர்த்தி சி அல்லது டி என்றிருந்தால் அது கிளினிக் அட்டையில் எழுதப்படுகிறது. இதற்குப் புதிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. ஒருநாள் ஒளியொலிக் கருவி மட்டக்களப்புக்கோ கல்முனைக்கோ வருமானால், அது வந்து உட்காரக்கூடிய இடமும் இந்த ஒழுங்குக்குள்ளேயே, ஸ்கேன் மேசைக்கும் பயொப்சி ஊசிக்கும் நடுவில் இருக்கிறது.

அக்கா கீமோ சிகிச்சையையும் கதிர்ச் சிகிச்சையையும் முடித்துவிட்டார்; ஈஸ்ட்ரஜனின் செயலைத் தடுக்கும் தமொக்ஸிஃபென் மாத்திரையைத் தொடர்ந்து எடுக்கிறார். வலது மார்பகத்துக்கு ஆண்டுதோறும் மமோகிராமும் அதே நாளில் அல்ட்ராசவுண்டும் திட்டமிடப்பட்டுள்ளன. தங்கையின் ஃபைப்ரோஅடினோமாவின் அளவு மாறவில்லை. அவருடைய அடுத்த ஸ்கேன் செப்டெம்பருக்கு, மழையும் பெரும்போக விதைப்பும் தொடங்குவதற்கு முன் வரும்படியாக, வைக்கப்பட்டிருக்கிறது.